இறம்பொடையில் ஒரு காசுப் பேழை

பழங்காசுகளைச் சேர்ப்போர் எந்த நாட்டினராயினும் இரண்டு வினாக்களை எழுப்பாமல் இருப்பதில்லை. காசுகளை எதில் வைத்துக் காப்பது என்பது ஒன்று. அவற்றைப் பிறர் காண எவ்வாறு அடுக்கி வைப்பது என்பது மற்றொன்று. முதல் வினா தச்சனிடம் கேட்க வேண்டியது போலவும், இரண்டாம் வினா கண்ணாடிப் பெட்டி விற்பவனிடம் கேட்க வேண்டியது போலவும் தோன்றும். சற்று ஆழ்ந்து நோக்கினால், ‘இந்தக் காசு யாருடைய கதையைச் சொல்கிறது?’ என்ற வினாவுக்கு விடை தெரிந்தவனே ஏனைய இரண்டுக்கும் விடை காண முடியும் என்பது புலப்படும். மலையகத்தில் ஆசிரியத் தொழில் புரியும் நான், எங்கள் மாணவர்க்காகச் சிறியதொரு காசுத் தொகுப்பை ஒழுங்கு செய்யும் பணியில் ஈடுபட்டபோது எண்ணியவற்றை இங்கே எழுதுகிறேன். ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் இவை பயன்படக்கூடும்.

இறம்பொடை, கம்பளையிலிருந்து புசல்லாவை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் நெடுவீதியில் அமைந்த ஊர். 109 மீற்றர் உயரத்திலிருந்து விழும் இறம்பொடை நீர்வீழ்ச்சியின் இரைச்சல் ஒருபுறம். 1980களில் உருவான கொத்மலை நீர்த்தேக்கத்தின் விரிந்த நீர்ப்பரப்பு மறுபுறம். இரு பருவக் காற்றுகளின் மழையையும் கண்ட மண் இது. காலையில் மூடிய மூடுபனி சில நாட்களில் மாலை வரை விலகுவதில்லை. உலர்த்திய துணி உலராது. அடுக்கிய புத்தகத்தில் பூஞ்சணம் படரும். தேயிலைக்கு இந்த ஈரம் வரம். செம்புக் காசுக்கோ இதைவிடக் கொடிய பகை வேறில்லை. உலர்ந்த நாடுகளில் எழுதப்பட்ட சேகரிப்பு நூல்களின் அறிவுரையை அப்படியே இங்கே கைக்கொண்டால் பயன் கிட்டாது என்பதற்கு இதுவே காரணம்.

மலையில் கிடைக்கும் காசுகள்

மலையகத்து வீடுகளில் கிடைக்கும் காசுகள் எவை? பெரும்பாலும் அரசர் புதையலோ அகழ்வில் வெளிப்பட்ட பொருளோ அல்ல. லயத்துச் சாமிமாடத்தின் மஞ்சள் துணி முடிச்சிலும், பாட்டிமாரின் சுருக்குப் பையிலும், வெற்றிலைப் பெட்டியின் அடித்தட்டிலும் தங்கிவிட்ட காசுகளே மிகுதி. நேர்ந்துகொண்டு முடிந்து வைத்தவை சில. செல்லாக் காசாகிவிட்டபின் எறிய மனமின்றி வைத்தவை பல.

இவற்றை வரிசைப்படுத்தினால் ஒரு நூற்றாண்டு கண்முன் விரியும். 1840களில் புசல்லாவைப் பகுதியில் வோர்ம்ஸ் சகோதரர் றொத்சைல்ட் தோட்டத்தைத் திறந்தது காப்பிக் காலம். அந்நாளில் இலங்கையில் சில்லறைக்குப் பெருந்தட்டுப்பாடு இருந்தது. கொழும்பில் காப்பிக்கொட்டையைப் பதப்படுத்திய ஆலைகள் சில தம் பெயர் பொறித்த உலோக வில்லைகளை வெளியிட்டுத் தொழிலாளர்க்கு வழங்கின. ஜோர்ஜ் ஸ்டூவர்ட் கம்பனியின் வேகந்தை ஆலைப் பெயர் தாங்கிய 1843ஆம் ஆண்டு வில்லை நாணயவியலாளர் நன்கறிந்த ஒன்று. தோட்டங்களில் இந்திய வெள்ளி ரூபாவும் பெருகிப் புழங்கியது. ஏறக்குறைய 11.66 கிராம் எடையுள்ள அந்த ரூபாவையே அடிப்படையாகக் கொண்டு, ரூபாவுக்கு நூறு சதம் என்ற கணக்கு 1872இல் இலங்கையில் நடைமுறைக்கு வந்தது.

1870 என்ற ஆண்டு பொறித்த விக்டோரியா அரசியின் செப்புச் சதத்தை அறியாத சேகரிப்பாளர் இலர். ஒரு பக்கம் அரசியின் தலை. மறுபக்கம் பனை இனத்து மரம் ஒன்று. அதன் இருமருங்கும் சிங்கள, தமிழ் எழுத்துகள். 1892இல் பத்து, இருபத்தைந்து, ஐம்பது சத வெள்ளிக் காசுகள் வந்தன. 1909 முதல் மூலை மழுங்கிய சதுர ஐந்து சதம் வந்தது. 1919 முதல் வெள்ளிக் காசுகளில் வெள்ளியின் அளவு நூற்றுக்கு எண்பதிலிருந்து ஐம்பத்தைந்தாகக் குறைந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1944இல், பூவிதழ் போன்று விளிம்பு வளைந்த இரண்டு சதமும் பத்துச் சதமும் தோன்றின. 1963இல் முடியரசர் தலை நீங்கி நாட்டின் இலச்சினை ஏறியது. ஒரு சதமும் இரண்டு சதமும் அலுமினியத்தில் வந்தன. இன்றைய மாணவர்க்குச் சதம் என்பது கணக்குப் பாடத்தில் மட்டும் காணும் சொல்.

இந்த வரிசையிற் பெரும்பாலானவை சந்தையில் அரியவை அல்ல; சிறு விலைக்குக் கிடைப்பவை. ஆதலால் வீட்டார் அவற்றை மதிப்பதில்லை. பழைய பித்தளை, செம்பு வாங்க வருபவரிடம் பாத்திரத்தோடு பாத்திரமாகக் காசு முடிச்சும் நிறுவைக்குப் போய்விடுகிறது. செம்பின் விலை கைக்கு வருகிறது. அக்காசு யார் மடியில் இருந்தது, எதற்காக முடியப்பட்டது என்ற செய்தி அன்றோடு அழிகிறது.

புளி செய்யும் தீங்கு

ஈரத்துக்கு அடுத்த பகை நம் கையில் இருக்கிறது. பழங்காசு கிடைத்தவுடன் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குவது நம்மவர் வழக்கம். குத்துவிளக்குக்கு ஏற்ற இந்த முறை காசுக்கு ஏற்றதன்று. செம்பின்மேல் ஆண்டுகள் பல கழிந்து படியும் கபில நிறப் படலம் அழுக்கன்று. அது உலோகத்தின் மேற்றோல், உள்ளிருக்கும் உலோகத்தைக் காப்பது. புளியின் அமிலம் அதனைக் கரைக்கும்போது அதனோடு சேர்ந்து எழுத்தின் விளிம்பும் தேய்கிறது. கழுவிய காசு சில கிழமை ஒளிரும். பின் முன்னிலும் விரைவாகக் கறுக்கும்.

எழுத்தின் விளிம்பு எத்துணை இன்றியமையாதது என்பதற்குத் தமிழ் நாணயவியலே சான்று தரும். தமிழகத்தின் சங்க காலப் பாண்டியர் செப்புக் காசு ஒன்றிலே ‘பெருவழுதி’ என்ற தமிழ்ப் பிராமி எழுத்துகளை இரா. கிருஷ்ணமூர்த்தி படித்து வெளிப்படுத்தினார். சங்க காலக் காசுகளில் அரசர் பெயர் உண்டா என்ற ஐயம் அதனால் நீங்கியது. சேரர் காசுகளில் ‘மாக்கோதை’, ‘குட்டுவன் கோதை’ என்ற பெயர்களும் படிக்கப்பட்டன. தேய்ந்த செப்பிலே மயிரிழை போல எஞ்சி நின்ற கோடுகளே இவ்வளவு பெரிய உண்மையைத் தாங்கியிருந்தன. அக்காசுகளை யாரேனும் முன்னரே புளியிட்டுத் தேய்த்திருந்தால், வரலாற்றின் ஓர் ஏடு கழுவுநீரோடு போயிருக்கும். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் நந்திக் காசுகளில் உள்ள ‘சேது’ என்ற இரண்டெழுத்துக்கும் இதே நிலைதான்.

ஆகவே காசைக் கழுவாதிருத்தலே முதல் விதி. மண் ஒட்டியிருந்தால் வடித்த நீரில் ஊறவிட்டு, மென்மையான துணியில் ஒற்றி, முற்றும் உலரவிட்டால் போதும். பச்சை நிறம் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் பச்சையில் இருவகை உண்டு என்பதை அறிந்திருக்க வேண்டும். கெட்டியாய், வழவழப்பாய் ஒட்டியிருக்கும் கரும்பச்சை தீங்கற்றது. வெளிறிய பச்சைத் தூளாய், தட்டினால் உதிர்ந்து, மீண்டும் மீண்டும் தோன்றுவது நோய். உப்பிலுள்ள குளோரைட்டும் காற்றின் ஈரமும் சேர்ந்து செம்பை உள்ளிருந்து அரிக்கும் நிலை அது. அத்தகைய காசை உடனே ஏனையவற்றிலிருந்து பிரித்து உலர்ந்த இடத்தில் வைத்து, அறிந்தவரிடம் காட்டல் நன்று. வியர்வையிலும் உப்பு உண்டு. எனவே காசை எப்போதும் விளிம்பில் பிடித்தே எடுத்தல் வேண்டும். முகத்தில் விரல் வைத்தால் அவ்விரலின் வரி நாளடைவில் காசின்மேல் நிலைத்துவிடும்.

எதில் வைப்பது?

ஐரோப்பாவிலே காசுப் பேழை என்பது ஒரு தனிக் கலை. மஹோகனி மரத்தில் மெல்லிய தட்டுகள் பல செய்து, தட்டில் வட்டக் குழிகள் குடைந்து, குழிக்கு ஒரு காசாக இட்டு வைப்பர். வியன்னா, திறெஸ்டன் முதலிய நகரங்களில் பெருந்தொகுப்புகளின் பெயரே ‘காசுப் பேழை’ என்ற பொருள்படும் சொல்லால் வழங்குகிறது. மஹோகனியைத் தேர்ந்ததற்கு அழகு மட்டும் காரணமன்று. மரங்கள் பலவும் மூடிய பெட்டிக்குள் அமில ஆவியை மெல்ல விடுகின்றன. கருவாலி மரம் இதில் பேர்போனது. மஹோகனி விடும் ஆவி குறைவு. ஈயம் கலந்த வில்லைகள் அமில ஆவியிற்பட்டால் வெண்தூளாய் உதிர்ந்துவிடும். செம்பும் வெள்ளியும் கெடும்.

நம் ஊரில் மஹோகனிப் பேழைக்கு வழியுள்ளவர் சிலரே. வீட்டில் உள்ளவற்றில் எவை ஏற்றவை, எவை ஆகாதவை என்று பார்ப்பதே பயனுடையது. புதிதாய்ச் செய்து மரவாசனை மாறாத பெட்டியும், பசையிட்டு ஒட்டிய பலகைப் பெட்டியும் ஆகா. பழைய தேயிலைப் பெட்டி காண அழகாக இருக்கும். வரலாற்றோடு பொருந்தியும் நிற்கும். ஆயினும் அதுவும் ஒட்டுப்பலகையால் ஆனதே. அதனைக் கண்காட்சியின் பீடமாக வைக்கலாம். காசை அதற்குள் இடலாகாது. கம்பளித் துணி, இறப்பர் வளையம், செய்தித்தாள், சாதாரண மட்டை ஆகியவற்றிலிருந்து எழும் கந்தகச் சேர்மங்களும் அமிலங்களும் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். வெள்ளிக் காசுகளை இறப்பர் வளையமிட்டுக் கட்டி வைத்தால், அவிழ்க்கும்போது வளையம் பதிந்த இடமெல்லாம் கரிய கோடு காணும்.

கடைகளில் விற்கும் காசு ஏடுகளைப் பற்றியும் ஒரு சொல். பளபளத்து, வளைந்து கொடுத்து, திறந்தவுடன் ஒருவகை வாடை வீசும் உறைகள் பீ.வீ.சீ. என்னும் நெகிழியால் ஆனவை. வெப்பமும் ஈரமும் பட்டால் அதில் மென்மைக்காகச் சேர்த்த பொருள் கசிந்து, காசின்மேல் பச்சைப் பிசினாய்ப் படியும். பார்வைக்கு மிக அழகாய்த் தோன்றும் ஏடே பல தொகுப்புகளைப் பாழாக்கிய ஏடு. பொலியெஸ்டர், பொலித்தீன், பொலிப்புரொப்பிலீன் ஆகியவற்றால் ஆன உறைகள் தீங்கற்றவை. அமிலம் நீக்கிய காகித உறையும் நன்று. அதன்மேல் பென்சிலால் குறிப்பெழுதலாம்.

இனி ஈரம். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்க்கு உலர்வின் அருமையை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. கொழுந்தை வாட்டி, அரைத்து, புளிக்கவைத்து, இறுதியில் நூற்றுக்கு மூன்று பங்களவே ஈரம் எஞ்சும்படி உலர்த்துகிறார்கள். உலர்ந்த தூளைக் காற்றுப் புகாமல் அடைக்கிறார்கள். அதே அறிவு காசுக்கும் பொருந்தும். இறுக மூடும் பொலிப்புரொப்பிலீன் உணவுப் பெட்டி ஒன்றும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளும் இருந்தால், மஹோகனிப் பேழையைவிட இறம்பொடைக்கு அதுவே ஏற்றது. நிறம் மாறும் மணிகளாயின், அவை நிறைய ஈரம் உறிஞ்சிவிட்டதை நிறமே அறிவிக்கும். அடுப்பில் அளவான சூட்டில் உலர்த்தினால் மீண்டும் பயன்படும். வறுத்த அரிசி இடுவோர் உண்டு. அது பூச்சியை வரவழைக்கும். உப்பை எக்காரணம் கொண்டும் காசின் அருகே வைத்தலாகாது. பெட்டியை அடுப்பங்கரைப் பரணிலோ வெளிச்சுவரை ஒட்டியோ வைக்காமல், உட்சுவர்ப் பக்கம் நிலத்திலிருந்து உயர்த்தி வைத்தல் வேண்டும். நான் இந்த முறையையே எங்கள் தொகுப்புக்குத் தேர்ந்தேன். இதற்கான செலவு ஒரு மாணவனின் பாடநூற் பையின் விலையைத் தாண்டவில்லை.

எவ்வாறு அடுக்குவது?

காப்பதற்கான விதிகளைப் பௌதிகமும் இரசாயனமும் வகுத்துத் தந்துவிடுகின்றன. அடுக்கும் முறையை அவை சொல்வதில்லை. அங்கே தேர்பவனின் உள்ளம் வெளிப்படுகிறது.

பெரிய நூதனசாலைகள் அரச வரிசையைக் கைக்கொள்கின்றன. 1877இல் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலையின் வெளியீடாக 1924இல் கொட்றிங்டன் எழுதிய ‘இலங்கைக் காசுகளும் நாணயமும்’ என்ற பெருநூல் இத்துறைக்கு இன்றும் அடித்தளம். பொலன்னறுவை மன்னர் வெளியிட்ட காசுகள், கொக்கி போல வளைந்த இலாரின்கள், ஒல்லாந்தர் துட்டு, பிரித்தானியர் யானைக் காசு எனக் காலமுறைப்படி அது விரிகிறது. கொழும்புக் கோட்டையிலுள்ள மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று நூதனசாலையிலும் நாட்டின் நாணய வரலாற்றைக் காணலாம். தீவின் முழுமையைக் காட்ட இம்முறை தக்கது என்பதில் ஐயமில்லை.

மலையகத்து முடிச்சில் கிடைத்த காசுகளை இந்த முறையில் அடுக்கினால் நேர்வது என்ன? விக்டோரியா, ஏழாம் எட்வேர்ட், ஐந்தாம் ஜோர்ஜ், ஆறாம் ஜோர்ஜ் என்று நான்கு தலைகள் வரிசையாய் நிற்கும். பார்க்கும் மாணவன் நான்கு முடியரசரை அறிந்து செல்வான். அக்காசுகளை ஈட்டியவளைப் பற்றி ஒன்றும் அறியான்.

ஆதலால் எங்கள் தொகுப்பிலே ஒரு தட்டை வேறு முறையில் அமைத்தேன். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் 1929இல் நாட்கூலி வகுக்கப்பட்டபோது, மலைநாட்டுத் தோட்டத்தில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என்று நிர்ணயிக்கப்பட்டது. தட்டின் நடு வரிசையில், பெண்ணின் ஒரு நாட்கூலியை அக்காலத்துக் காசுகளாலேயே பரப்பினேன்: இருபத்தைந்து சத வெள்ளிக்காசு ஒன்று, பத்துச் சத வெள்ளிக்காசு ஒன்று, சதுர ஐந்து சதம் ஒன்று, செப்புச் சதம் மூன்று. ஆறு காசுகள். மேல் வரிசையில் ஆணின் கூலி: ஐம்பது சத வெள்ளிக்காசு ஒன்றும் செப்புச் சதம் நான்கும். இரண்டு வரிசைக்கும் இடையே வேறுபாடாகிய 11 சதத்தைத் தனியே வைத்தேன்: ஒரு பத்து, ஓர் ஒன்று. அதன் கீழே, தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் கூலி சமமாக்கப்பட்ட ஆண்டு 1984 என்று ஒரு சிறு சீட்டு.

இங்கே ஒன்றை மறைக்காமல் எழுதி வைக்க வேண்டியிருந்தது. நாட்கூலி நாள்தோறும் கையில் வந்ததில்லை. மாதக் கணக்கில் வந்தது. தோட்டம் கொடுத்த அரிசியின் விலையும் முற்பணமும் கழிந்த பின்னர் எஞ்சியதே கைக்குக் கிடைத்தது. ஆகவே அத்தட்டு கணக்கேட்டின் கூலியையே காட்டுகிறது என்று சீட்டில் குறித்தேன். உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி அதைப் படித்துவிட்டு, “அப்படியானால் கையில் கிடைத்ததற்கு ஒரு வெறுந்தட்டு வைக்கலாமே, சேர்?” என்றாள். எந்த நூலும் எனக்குச் சொல்லாத யோசனை அது. நடு வரிசையின் கீழ், குழிகள் மட்டும் உள்ள வெறும் வரிசை ஒன்று இப்போது இருக்கிறது.

அந்த ஆறு காசுகளும் வேறொரு செய்தியையும் தருகின்றன. அக்காலச் செப்புச் சதம் ஒன்றின் எடை ஏறக்குறைய 4.7 கிராம், பத்துச் சத வெள்ளிக்காசின் எடை 1.17 கிராமே. மூன்று செப்புச் சதத்தின் பாரம் இரண்டு வெள்ளிக் காசுகளின் பாரத்தைப் போல மும்மடங்குக்கு மேல். சுருக்குப் பையைக் கனக்கச் செய்தது மதிப்புக் குறைந்த காசே. மாணவர் கையில் ஒரு நிமிடம் கொடுத்து நிறுத்துப் பார்க்கச் செய்தால், இரண்டு பக்கக் கட்டுரை சொல்லாததை அது சொல்லும்.

காசல்லாத காசுகள்

காசுத் தொகுப்பில் காசு மட்டுந்தான் இடம்பெற வேண்டுமா? கண்டிப்பான சேகரிப்பாளர் ஆம் என்பர். மலையகத்தில் அந்த விதியைத் தளர்த்த வேண்டும் என்பது என் கருத்து.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தென்னிந்தியாவிலிருந்து ஆள் கொண்டுவரும்போது தகரவில்லை முறை நடைமுறைக்கு வந்தது. தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும், ஆளின் தொடர் எண்ணும் குத்திய வட்டமான தகர வில்லையைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் அணிவித்தனர். வழிச்செலவை எந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதுவது என்பதற்கு அதுவே சான்று. வடிவில் அது காசு போன்றது. காசிலே அரசன் தலையும் தொகையும் இருக்கும். தகரவில்லையிலே தோட்டமும் எண்ணும் இருந்தன. காசு கைமாறுவதற்கென்று அடிக்கப்பட்டது. இந்த வில்லையோ மனிதரைக் கொண்டு சேர்ப்பதற்கென்று அடிக்கப்பட்டது. அத்தகைய வில்லை ஒன்று யாரிடமேனும் இருக்குமாயின், அதனைக் காசுகளின் பக்கத்திலேயே வைக்க வேண்டும். தகரம் துருவேறும் இயல்பினது. தனி உறையில், நன்கு உலர்ந்த நிலையில் வைத்தல் வேண்டும்.

அதுபோன்றதே ‘துண்டு’. தொழிலாளியின் கடனைத் தீர்ப்பவர்க்கு அவரை விட்டுக்கொடுப்பதாகத் தோட்டத்துரை எழுதிக் கொடுத்த சீட்டு அது. மனிதரின் பெயரும் கடன் தொகையும் ஒரே தாளில் நின்றன. 1921ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அது ஒழிக்கப்பட்டது. காகிதமும் உலோகமும் ஒரே உறையில் இருத்தலாகாது. ஆயினும் ஒரே தட்டின் இரு பக்கங்களில் இருக்கலாம். அவ்வாறு வைத்தால்தான் அந்தக் காலத்திலே பணம் என்பது என்ன பொருள்பட்டது என்பது விளங்கும்.

துளையிட்ட காசுகளையும் சேகரிப்பாளர் ஒதுக்குவர். சந்தையில் அவற்றுக்கு மதிப்பில்லை. எங்கள் பாடசாலைக்கு அயலிலுள்ள தோட்டத்து மூதாட்டி ஒருவர், ஓட்டையிட்ட செப்புச் சதம் ஒன்றைக் கொண்டுவந்தார். “இது நான் கைப்பிள்ளையா இருந்தப்ப எங்கம்மா அரைஞாண்ல கட்டின சல்லி, மாஸ்டர். புளி போட்டுத் தேய்ச்சுத் தரட்டுமா?” என்று கேட்டார். “வேண்டாம் அம்மா, இருக்கிறபடியே இருக்கட்டும்; அதுதான் அழகு” என்றேன். ஓட்டையின் ஓரம் கயிறு உராய்ந்து மழுங்கியிருக்கிறது. தேய்ந்த அந்த ஓரந்தான் அக்காசின் வரலாறு. முழுமையான சதம் கடையில் கிடைக்கும். ஒரு பிள்ளையின் இடுப்பிலே நோயும் கண்ணேறும் அணுகாமல் காவல் நின்ற சதம் அங்கே கிடைக்காது. அந்தக் காசுக்கு எங்கள் தட்டிலே நடுவிடம்.

இரு பக்கமும் ஒரு பதிவேடும்

காசுக்கு இரண்டு முகம். தட்டிலே வைத்தால் ஒன்றே தெரியும். எந்த முகத்தை மேலே வைப்பது என்பதும் ஒரு தேர்வே. நூதனசாலைகள் பெரும்பாலும் அரசர் தலையை மேலே வைக்கும். நாங்கள் மரமும் தமிழெழுத்தும் உள்ள பக்கத்தை மேலே வைத்தோம். மறுபக்கத்தைக் காட்ட மூன்று வழிகள் உண்டு. ஒரேவகைக் காசு இரண்டு இருப்பின் இரு பக்கமாக வைக்கலாம். காசைச் சற்றே உயர்த்திக் கீழே கண்ணாடி வைக்கலாம். அல்லது புகைப்படத்தைப் பெருப்பித்து அருகே ஒட்டலாம். மெல்லிய தாளைக் காசின்மேல் விரித்துப் பென்சிலால் உரசிப் படியெடுக்கும் பழைய வழியைச் சிறுவர் மிக விரும்புவர். ஆனால் அதனை இன்றைய புழக்கக் காசில் செய்யட்டும், பழங்காசில் வேண்டாம்.

எல்லாவற்றிலும் மேலானது பதிவேடு. காசுக்கு ஓர் எண். அது கிடைத்த இடம், கொடுத்தவர், கொடுத்த நாள், எடை, குறுக்களவு, அதைப் பற்றி வீட்டார் கூறிய செய்தி ஆகியவற்றை அவ்வெண்ணின் கீழ் எழுதுக. செய்தியைக் கூறியவரின் சொல்லிலேயே எழுதுக. பதிவேட்டைக் காசோடு வைக்காமல் வேறிடத்தில் வைப்பதும், பிரதியொன்று எடுத்து வைப்பதும் நன்று. காசு களவுபோனாலும் செய்தி எஞ்சும். எண்ணைக் காசின்மேல் எழுதுதல் ஆகாது. உறையில் எழுதுதலே முறை.

சட்டத்தையும் நினைவூட்டல் கடமை. 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட பொருள்களைத் தொல்பொருள்களாகக் கொள்கிறது. கான் வெட்டும்போதோ அத்திவாரம் தோண்டும்போதோ பழங்காசு வெளிப்பட்டால் தொல்பொருட்டிணைக்களத்துக்கு அறிவித்தல் வேண்டும். அதனைப் பாடசாலைப் பேழையிலோ வீட்டுப் பெட்டியிலோ ஒளித்தல் கூடாது.

ஏன் இவ்வளவு பாடு?

சில சதங்களுக்காக இத்தனை முயற்சியா என்று வினவுவோர் உளர். மலையகத்து மக்களின் வரலாறு பெரும்பாலும் பிறரால் எழுதப்பட்ட தாள்களிலேயே தங்கியிருக்கிறது: தோட்டத்துக் கணக்கேடு, கப்பற்பட்டியல், கங்காணியின் கடன் குறிப்பு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தாள்களைக் கேட்டபோது, தாளில்லாதவர் நாடற்றவராயினர். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. குடும்பங்கள் பிரிந்தபோது முடிச்சுகளும் பிரிந்தன. ஒரே தாயின் சேமிப்பில் பாதி நீலகிரிக்கும் பாதி இங்குமாகப் போன வீடுகளும் உண்டு. அம்மக்கள் தாமே தேர்ந்து, தாமே முடிந்து, தாமே காத்த பொருள்கள் மிகச் சிலவே. காசு முடிச்சு அச்சிலவற்றுள் ஒன்று.

ஹந்தானையில் 2001இல் திறக்கப்பட்ட தேயிலை நூதனசாலையில் பழைய இயந்திரங்களையும் ஜேம்ஸ் டெய்லரின் பொருள்களையும் காணலாம். தேயிலைத் தொழிலின் கதைக்கு அது வேண்டியதே. தொழிலாளரின் கதைக்கென, இறம்பொடையிலிருந்து இறங்கும் வழியில் கம்பளைப் பகுதியிலே, பழைய லயன் அறைகளிலேயே 2007இல் தோட்டத் தொழிலாளர் நூதனசாலை ஒன்று அமைந்தது. ஆசிரியர்கள் மாணவரை அங்கே ஒருமுறை அழைத்துச் செல்வது நல்லது. மக்கள் பயன்படுத்திய சிறு பொருள் ஒன்று தன் இடத்திலேயே இருந்து பேசும்போது அதற்குள்ள ஆற்றலை அங்கே உணரலாம்.

ஒவ்வொரு பாடசாலையிலும் அத்தகைய நூதனசாலை எழுவது அரிது. ஒரு தட்டும், இறுக மூடும் ஒரு பெட்டியும், ஒரு பதிவேடும் அமைவது அரிதன்று. விடுமுறைக்கு வீடு செல்லும் மாணவரிடம் ஆசிரியர்கள் இரண்டு செய்திகள் சொல்லி அனுப்பட்டும். பாட்டியின் முடிச்சைப் பழைய பித்தளைக்காரரிடம் கொடுக்க வேண்டாம் என்பது ஒன்று. அதை அவிழ்க்கும் முன், அது யார் முடிந்தது, எதற்காக முடிந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும் என்பது மற்றொன்று. செம்பு இன்னும் நூறாண்டு இருக்கும். சொல்லக்கூடியவர் அத்தனை காலம் இரார். ஆதலால் எழுத்து வேலையை முதலில் தொடங்குவதே முறை.